சிறுவாபுரி ஆறு செவ்வாய்: வயித்துல குழந்தை, மனசுல வீடு – நான் கத்துக்கிட்ட ஆறு பாடம்

வேலும் மயிலும் துணை.

நம்ம குரூப்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. "ப்ரோ, சிறுவாபுரி போனா வீடு அமையுமா? எத்தனை வாரம் போகணும்?" அதோட இன்னொரு கேள்வியும் இப்ப நிறைய வருது. "வைஃப் கன்சீவா இருக்காங்க, குழந்தை பிறக்குறதுக்குள்ள வீடு வாங்கிடலாம்னு இருக்கோம், வாங்கலாமா?"

இந்த ரெண்டு கேள்வியும் ஒரே நேரத்துல எனக்கும் இருந்தது. நான் சாஸ்திரம் படிச்சவன் இல்ல, வக்கீலும் இல்ல. இன்ஜினியரிங் முடிச்சுட்டு சாஃப்ட்வேர்ல இருக்கேன், வயசு 29. நான் பண்ணின தப்பு, அதுல கத்துக்கிட்டது, இவ்வளவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். வீடு தேடிட்டு இருக்கீங்கன்னா முழுசா படிங்க, உங்களுக்கு ஒரு ரெண்டு லட்சமாவது மிச்சமாகும்.

சிறுவாபுரி தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம், காரனோடை தாண்டி, கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகணும். ஊர்ப் பேர் சின்னம்பேடு. மூலவர் பாலசுப்ரமணியர். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். லவ குசர்கள் போர் புரிந்த இடம், அதனால சிறுவர்புரி, அதுவே சிறுவாபுரி ஆச்சுன்னு சொல்வாங்க. சொந்த வீடு வேணும்னு வேண்டிக்கிட்டு தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமை போறது அங்க வழக்கம். செவ்வாய்னா கூட்டம் அப்படி இருக்கும்.

நாங்க அம்பத்தூர் பக்கம் வாடகை வீட்டுல இருந்தோம். வாடகை 16,000. மனைவிக்கு நாலு மாசம் முடிஞ்சிருந்தது. ஸ்கேன்ல குழந்தை கையை ஆட்டுறதைப் பார்த்துட்டு வெளிய வந்த அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். என் குழந்தை வாடகை வீட்டுக்கு வரக்கூடாது. அந்த வார செவ்வாய்க்கிழமையே சிறுவாபுரி கிளம்பிட்டேன்.

முதல் செவ்வாய்: அவசரம் யாருடையது?

முதல் வாரம் மட்டும் மனைவியும் வந்தா. கூட்டத்துல ரெண்டு மணி நேரம் நின்னதுல கால் வீங்கிடுச்சு. "இனிமே நீங்க மட்டும் போங்க, நான் வீட்டுலயே விளக்கேத்திக்கிறேன்"னு சொல்லிட்டா. அதுவும் சரிதான். கர்ப்பமா இருக்கிறவங்களைக் கூட்டத்துல நிக்க வச்சு வேண்டுதல் நிறைவேத்தணும்னு எந்த முருகனும் கேக்கல.

திரும்பி வர்ற வழியில அவ ஒரு கேள்வி கேட்டா.

"ஏங்க, குழந்தைக்கு இது சொந்த வீடு, இது வாடகை வீடுன்னு தெரியுமா?"

எனக்குக் கோவம் வந்துச்சு. "உனக்கு ஆசை இல்லையா?"ன்னு கேட்டேன்.

"ஆசை இருக்கு. ஆனா அதுக்கு எதுக்கு டெலிவரி தேதி?"

அன்னைக்கு நான் பதில் சொல்லல. இப்ப சொல்றேன். அந்தத் தேதியை டாக்டர் குறிச்சது குழந்தைக்கு. நான்தான் அதைத் தூக்கி வீட்டுக்கும் மாட்டி விட்டேன். என் டீம்ல ரெண்டு பேர் அந்த வருஷம் ஃபிளாட் வாங்கியிருந்தாங்க. உண்மையைச் சொல்லணும்னா, என் அவசரத்துல பாதி அதுதான்.

நம்ம வழக்கத்தையே எடுத்துக்குங்க. ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளைகாப்பு. அப்புறம் பொண்ணு அம்மா வீட்டுக்குப் போயிடுவா. பிரசவம் அங்கதான். மூணு மாசமோ அஞ்சு மாசமோ கழிச்சுத்தான் குழந்தையோட நம்ம வீட்டுக்கு வருவா. அப்ப "குழந்தை வர்றதுக்குள்ள வீடு" அப்படின்ற கெடுவே அர்த்தமில்லாதது.

பாடம்: வீடு ஏன் வேணும், ஏன் இப்பவே வேணும்னு ரெண்டு தனித்தனிக் கேள்வியா எழுதிப் பாருங்க. ரெண்டாவது கேள்விக்கு உங்ககிட்ட நல்ல பதில் இல்லைன்னா அவசரப்படாதீங்க.

ரெண்டாவது செவ்வாய்: கணக்கு ஒரு சம்பளத்துல போடணும்

ஆவடி பக்கம் ஒரு புது ஃபிளாட் பார்த்தோம். கீழே கார் நிறுத்தற இடம், மேலே மூணு மாடி. மூணாவது மாடியில கிழக்குப் பார்த்த வீடு. நல்ல காத்து. விலை 78 லட்சம்.

என் கைக்கு வர்ற சம்பளம் 92,000. மனைவிக்கு 58,000. சேர்த்தா ஒன்றரை லட்சம். பேங்க்ல கேட்டதும் "தாராளமா தரலாம் சார்"னு சொன்னாங்க. விலையில 80 சதவீதம், அதாவது 62 லட்சத்து 40 ஆயிரம் கடன். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா மாசத் தவணை ஏறக்குறைய 54,000. ஒன்றரை லட்சத்துல 54,000 பெரிய விஷயமா தெரியல.

இங்கதான் தப்பு பண்ணினேன். ரெண்டு சம்பளமும் 20 வருஷம் நிக்காம வரும்னு நான் எடுத்துக்கிட்டேன். அதே 54,000 என் ஒரு சம்பளத்துல பார்த்தா 59 சதவீதம்.

சட்டப்படி முதல் ரெண்டு குழந்தைக்கு பெண்களுக்கு 26 வாரம் சம்பளத்தோட மகப்பேறு விடுப்பு உண்டு. அதுல 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். ஆனா முன்னாடி எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு பின்னாடி குறையும். 26 வாரம் முடிஞ்ச உடனே ஆறு மாசக் குழந்தையை விட்டுட்டு அவளால போக முடியுமா? பார்த்துக்க யார் இருக்காங்க? குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னா? இது எதையும் நான் யோசிக்கல. தவணை கட்டணும்ங்கிறதுக்காக ஒரு அம்மா வேலைக்கு ஓடற நிலைமையை நாமளே உருவாக்கக் கூடாது. அவ விருப்பப்பட்டுப் போறது வேற, வேற வழியில்லாம போறது வேற.

கடன் காலம் பத்தியும் ஒண்ணு. 20 வருஷத்துக்கு லட்சத்துக்கு மாசம் 868 ரூபாய்னா, 30 வருஷத்துக்கு 769 ரூபாய்தான். தவணை குறையும், ஆனா மொத்த வட்டி ரொம்ப ஏறும். அதே சமயம், வீட்டுக்காகத் தனிநபர் வாங்கற மாறும் வட்டிக் கடன்ல முன்கூட்டியே பணம் கட்டினா அபராதம் போடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. அதனால போனஸ் வரும்போதெல்லாம் அசல்ல கட்டிக் குறைச்சுக்கலாம்.

பாடம்: கடன் ரெண்டு பேர் பேர்லயும் வாங்கலாம். தவணையை ஒரே சம்பளத்துல, அதுவும் 40 சதவீதத்துக்குள்ள கட்ட முடியுமான்னு பாருங்க. முடியலைன்னா அது உங்க பட்ஜெட் வீடு இல்ல. இன்னும் ஒரு சோதனை. ஆறு மாசம் அந்தத் தவணைக்கும் இப்ப கட்டற வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை மாசம் முதல் தேதியே தனியா எடுத்து வச்சுப் பாருங்க. மூச்சு முட்டுதா இல்லையான்னு தெரிஞ்சுடும்.

மூணாவது செவ்வாய்: ஆஸ்பத்திரிக் காசைத் தொடாதே

வீட்டு விலை வேற, வீடு வாங்க ஆகுற செலவு வேற. இதைப் புதுசா வாங்கறவங்க நிறைய பேர் கவனிக்கறதில்ல.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரை கடன்னா சொத்து மதிப்புல 90 சதவீதம் வரை தரலாம். 30 லேருந்து 75 லட்சம் வரை 80 சதவீதம். அதுக்கு மேல 75 சதவீதம். நம்ம மாதிரி பட்ஜெட்ல முத்திரைத்தாள், பதிவுச் செலவை எல்லாம் அந்த மதிப்புல சேர்க்க மாட்டாங்க. அது முழுக்க நம்ம கைக்காசு.

தமிழ்நாட்டுல பழைய வீடு, அதாவது மறுவிற்பனை வாங்கினா முத்திரைத் தீர்வை 5, மாற்றுத் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பில்டர்கிட்ட முதல் விற்பனையா புது ஃபிளாட் வாங்கினா 50 லட்சம் வரை 6 சதவீதம், அதுக்கு மேல 3 கோடி வரை 7 சதவீதம்னு 2023 டிசம்பர்லேருந்து இருக்கு. கட்டிட்டு இருக்கிற ஃபிளாட்னா ஜி.எஸ்.டி 5 சதவீதம், மலிவு விலை வீட்டுக்கு 1 சதவீதம். கட்டி முடிச்சு நிறைவுச் சான்று வாங்கினதுக்கு அப்புறம் விக்கிற வீட்டுக்கு ஜி.எஸ்.டி கிடையாது. விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா, வாங்கற நாமதான் 1 சதவீதம் வரி பிடிச்சு அரசாங்கத்துக்குக் கட்டணும். மறந்தா நோட்டீஸ் நமக்குத்தான் வரும்.

எங்க கணக்கு இப்படி வந்தது:

கைக்காசு 20 சதவீதம் – 15.6 லட்சம்
பதிவு 7 சதவீதம் – ஏறக்குறைய 5.5 லட்சம்
அலமாரி, சமையலறை வேலை, கிரில், ஃபேன், லைட் – 3 லட்சம்
மொத்தம் – 24 லட்சம்

எங்க சேமிப்பு 19 லட்சம். அதுல பிரசவத்துக்குன்னு எடுத்து வச்ச 3 லட்சமும் சேர்த்தி. மீதி 5 லட்சத்துக்கு மனைவி நகையை அடகு வைக்கலாம், கொஞ்சம் பர்சனல் லோன் போடலாம்னு ஒரு எக்செல் ஷீட் போட்டு வச்சிருந்தேன். "நார்மல் டெலிவரிதான் ஆகும், 3 லட்சமெல்லாம் ஆகாது"ன்னு நானே ஒரு வரி எழுதி வச்சிருந்தேன். அந்த ஷீட்டை இன்னும் அழிக்கல. எப்பவாவது திறந்து பார்ப்பேன்.

ஆபீஸ் இன்சூரன்ஸ் இருக்கேன்னு நினைப்பீங்க. பாலிசியைத் திறந்து படிங்க. எங்க கம்பெனி பாலிசியில பிரசவத்துக்கு 75,000 தான் வரம்பு. நாமளா தனியா பாலிசி எடுத்தா பிரசவச் செலவுக்குப் பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷம் காத்திருப்புக் காலம் இருக்கும், கன்சீவ் ஆன பிறகு எடுத்துப் பிரயோஜனம் இல்ல. பிறந்த குழந்தைக்கு முதல் நாள்லேருந்தே காப்பீடு உண்டான்னு கட்டாயம் கேளுங்க.

பாடம்: பிரசவப் பணம், அதுக்கு மேல ஆறு மாச வீட்டுச் செலவு, ரெண்டும் தனி அக்கவுன்ட்ல இருக்கணும். வீட்டுக் கணக்கு அதுக்கு அப்புறம்தான் ஆரம்பம்.

நாலாவது செவ்வாய்: பத்திரம் பேசும்

இவ்வளவு தெரிஞ்சும் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். "இன்னொரு பார்ட்டி நாளைக்கு அட்வான்ஸ் தர்றாங்க சார்"னு பில்டர் சொன்னதும், அன்னைக்கு ராத்திரியே 2 லட்சம் டோக்கன் அட்வான்ஸ் அனுப்பிட்டேன். எழுத்துல ஒண்ணும் இல்ல. வாட்ஸ்அப்ல "ரிசீவ்டு"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

என் மாமனார் ரிடையர் ஆன அரசு ஊழியர். விஷயம் கேள்விப்பட்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாப்ள, வக்கீலுக்குக் காட்டினீங்களா?"

"பேங்க்ல லீகல் பார்ப்பாங்க மாமா."

"பேங்க்காரன் அவன் பணத்துக்குப் பார்ப்பான். உங்க பணத்துக்கு யார் பார்ப்பா?"

அவருக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்ட போனோம். ஃபீஸ் 8,000. அவர் கேட்ட பேப்பர் பட்டியல் இது, நீங்களும் எழுதி வச்சுக்குங்க:

• தாய்ப்பத்திரம். நிலம் யார்கிட்டேருந்து யாருக்குக் கை மாறிச்சுன்னு சங்கிலி அறுபடாம வரணும். இடையில யாராவது இறந்திருந்தா வாரிசுச் சான்று, எல்லா வாரிசோட கையெழுத்து. பெண் வாரிசுகள் கையெழுத்து இருக்கான்னு முக்கியமா பாருங்க.

• வில்லங்கச் சான்று, குறைஞ்சது 30 வருஷத்துக்கு. பதிவுத்துறை இணையதளத்துலயே பார்க்கலாம். ஆனா பதிவான விஷயம் மட்டும்தான் அதுல தெரியும். பதிவு பண்ணாத உயில், வாய்மொழி ஒப்பந்தம் எல்லாம் தெரியாது. வில்லங்கம் சுத்தமா இருக்குன்னா எல்லாமே சுத்தம்னு அர்த்தமில்ல.

• பட்டா. விக்கிறவர் பேர்ல இருக்கா, சர்வே எண் பத்திரத்தோட ஒத்துப் போகுதா.

• அசல் பத்திரம். ஜெராக்ஸ் பத்தாது. "பேங்க்ல இருக்கு"ன்னா எந்த பேங்க், எவ்வளவு பாக்கின்னு கடிதம் கேளுங்க. பவர் வச்சு விக்கிறாங்கன்னா, பவர் கொடுத்தவர் உயிரோட இருக்காரா, அதை ரத்து பண்ணலையான்னு பாருங்க.

• அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம். சி.எம்.டி.ஏ, டி.டி.சி.பி அல்லது உள்ளாட்சி கொடுத்த அனுமதி. இதுல இருக்கிற மாதிரிதான் கட்டடம் நிக்குதான்னு நேர்ல எண்ணிப் பாருங்க.

• யூ.டி.எஸ். ஃபிளாட் வாங்கும்போது நம்ம பேருக்கு எழுதற பிரிக்கப்படாத நிலத்தோட பங்கு. எல்லா வீட்டுக்கும் எழுதினதைக் கூட்டினா மொத்த நிலத்துக்கு மேல போகக்கூடாது.

• ரெரா பதிவு எண்.

ரெரா பத்தி கொஞ்சம் விளக்கமா சொல்றேன். 2016 சட்டம் இது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம், அல்லது 8 வீட்டுக்கு மேல இருக்கிற திட்டம்னா பதிவு கட்டாயம். பதிவு பண்ணின விற்பனை ஒப்பந்தம் இல்லாம விலையில 10 சதவீதத்துக்கு மேல முன்பணம் வாங்கக்கூடாது. வாங்கற பணத்துல 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்குன்னு தனி அக்கவுன்ட்ல இருக்கணும். வீட்டுக்குள்ள நாம புழங்கற கார்பெட் ஏரியாவை வச்சுத்தான் விக்கணும். சொன்ன தேதிக்குத் தரலைன்னா வட்டியோட பணத்தைத் திரும்பக் கேக்கலாம். கட்டடத்துல கட்டமைப்புக் குறை வந்தா 5 வருஷம் வரை பில்டர் சொந்தச் செலவுல சரி பண்ணணும்.

எங்க கட்டடத்துல எண்ணி 8 வீடு. "சின்ன ப்ராஜெக்ட் சார், ரெரா தேவையில்லை"ன்னு பில்டர் சொன்னது பொய் இல்ல. ஆனா வக்கீல் வரைபடத்தை விரிச்சு வச்சுட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க எந்த மாடி?"

"மூணாவது சார்."

"இதுல மூணாவது மாடியே இல்லையே."

அனுமதி ரெண்டு மாடி, 6 வீட்டுக்குத்தான். மூணாவது மாடியில இருக்கிற ரெண்டு வீடும் அனுமதி இல்லாம கட்டினது. அதுல ஒண்ணுதான் நான் அட்வான்ஸ் கொடுத்த கிழக்குப் பார்த்த வீடு. நாளைக்கு சீல் வைக்கலாம், இடிக்கச் சொல்லலாம், விக்கணும்னாலும் வாங்க ஆள் வராது.

"எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க, பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்"னு பில்டர் சொன்னார். அட்வான்ஸைக் கேட்டதுக்கு "அதெல்லாம் திரும்ப வராது"ன்னார். மாமனார் அஞ்சாறு தடவை நடையா நடந்து, ரெண்டு மாசம் கழிச்சு ஒன்றரை லட்சம் வாங்கிக் கொடுத்தார். 50,000 போனது போனதுதான். வக்கீல் ஃபீஸ் 8,000 அதிகம்னு நினைச்சவன் நான்.

பாடம்: டோக்கன் கொடுக்கும்போதே எழுத்துல வாங்குங்க. "வக்கீல் கருத்து சரியில்லை என்றாலோ, கடன் கிடைக்கவில்லை என்றாலோ முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." இந்த ஒரு வரி போதும். இதை எழுதித் தர மாட்டேன்னு சொல்றவர்கிட்ட வீடு வாங்காதீங்க.

அஞ்சாவது செவ்வாய்: கோவமும் வழக்கமும்

அந்த வாரம் எனக்கு கோவிலுக்குப் போகவே பிடிக்கல. நாலு வாரமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து பைக்ல போறேன், வேண்டறேன், கடைசில இப்படியான்னு. மனைவிகிட்ட புலம்பினேன். அவ சொன்னா, "கேட்டது கிடைக்கலைன்னு கோவப்படறீங்க. கிடைச்சிருந்தா?"

போனேன். அன்னைக்கு ஒண்ணும் வேண்டிக்கல. சும்மா நின்னு பார்த்துட்டு வந்தேன். அங்க இருக்கிறவரும் பாலசுப்ரமணியர், குழந்தைதான். முருகன் வந்து வரைபடத்தை விரிச்சுக் காட்டினார்னு நான் கதை விட மாட்டேன். காட்டினது மாமனாரும் வக்கீலும்தான். ஆனா அந்தக் கேள்வியை அந்த நேரத்துல கேட்க எனக்கு ஒரு மாமனார் இருந்தாரே, அதுக்கு நன்றி சொல்லிட்டு வந்தேன்.

இன்னொரு பக்கம் எங்க அம்மா. ஆரம்பத்துலேருந்தே அவங்களுக்கு இதுல இஷ்டம் இல்ல. "வயித்துப் புள்ளக்காரியை வச்சுக்கிட்டு வீடு மாத்தக் கூடாதுடா. பால் காய்ச்சக் கூடாது"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நிறைய வீட்டுல இந்த வழக்கம் இருக்கு. நான் "மூடநம்பிக்கை"ன்னு சண்டை போட்டேன்.

சண்டை ஓய்ஞ்ச அப்புறம் யோசிச்சேன். புது வீடுன்னா பெயின்ட் வாசனை, சிமென்ட் தூசி, லிஃப்ட் இல்லாத மாடி, சாமான் தூக்கறது, ஆளுங்க வந்து போறது, ராத்திரி தூக்கம் இல்லாம பேக்கிங். இதுல எது கர்ப்பமா இருக்கிற பொண்ணுக்கு நல்லது? டாக்டர்கிட்ட கேட்டா அவங்களும் பெயின்ட், தூசி, கனம் தூக்கறது வேண்டாம்னுதான் சொல்வாங்க. அம்மா சொன்ன காரணம் வேறயா இருக்கலாம். அது யாரைக் காப்பாத்துதுன்னு பார்த்தா, என் மனைவியைத்தான்.

இந்த நிலைமையில இருக்கிறவங்களுக்கு ஒரு வழி சொல்றேன். பத்திரப்பதிவு வேற, குடிபோறது வேற. பேப்பர் எல்லாம் சரியா இருந்து, பணமும் இருந்தா பதிவை முடிச்சுக்கலாம். குடிபோறதைக் குழந்தை பிறந்து, தாயும் சேயும் தேறின பிறகு வச்சுக்கலாம். பெரியவங்க மனசும் கோணாது, பெயின்ட் வாசனையும் போயிருக்கும். அதுவரை வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும், அதைக் கணக்குல வச்சுக்குங்க.

பாடம்: பெரியவங்க "வேண்டாம்"னு சொன்னா, சரியா தப்பான்னு வாதம் பண்றதுக்கு முன்னாடி, அவங்க யாருக்காகப் பயப்படறாங்கன்னு பாருங்க.

ஆறாவது செவ்வாய்: காத்திருக்கிறதும் வேண்டுதல்தான்

ஆறாவது வாரம் போய் முடிச்சப்போ கையில வீடு இல்ல. வேண்டுதல் முடிஞ்சுது, வீடு தேடறதை நிறுத்திட்டோம். பிரசவம் முடியட்டும்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணினோம். அன்னைக்கு ராத்திரிதான் ரொம்ப நாளைக்கு அப்புறம் மனைவி நிம்மதியா தூங்கினா. அவ தூங்காம இருந்தது வயித்துக் குழந்தையால இல்ல, என்னாலன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

32-வது வாரம் செக்கப்ல பி.பி ஏறியிருந்தது. "வேலையை நிறுத்திட்டு ஓய்வுல இருங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அன்னைக்கே மகப்பேறு விடுப்பு ஆரம்பம். 35-வது வாரத்துல சிசேரியன். பெண் குழந்தை. எடை குறைவு, மூச்சு விட சிரமம். 11 நாள் என்.ஐ.சி.யூ.

அந்த 11 நாளைப் பத்தி அதிகம் எழுத முடியல. ஒண்ணு மட்டும் சொல்றேன். பில்லிங் கவுன்டர்ல "இன்னைக்கு இவ்வளவு கட்டணும் சார்"னு சொல்லும்போதெல்லாம் நான் கார்டை நீட்டினேன். யாருக்கும் போன் பண்ணல, யார்கிட்டயும் கை நீட்டல. இன்சூரன்ஸ் போக எங்க கையிலேருந்து ஏறக்குறைய 2 லட்சம் ஆச்சு. அந்தக் காசு இருந்தது, ஏன்னா அந்த மூணாவது மாடி வீடு எங்களுக்கு அமையல. அமைஞ்சிருந்தா அந்த நேரத்துல நகை அடகுல இருந்திருக்கும், அக்கவுன்ட் காலியா இருந்திருக்கும், மாசம் 54,000 தவணை ஓடிட்டு இருந்திருக்கும்.

26 வாரம் முடிஞ்சும் மனைவி உடனே வேலைக்குப் போகல. குறைமாசக் குழந்தை, இன்னும் மூணு மாசம் சம்பளம் இல்லாம விடுப்பு எடுத்தா. ரெண்டாவது செவ்வாய்க் கணக்கு அப்பதான் எனக்கு முழுசா விளங்கிச்சு.

பாப்பாவுக்கு 11 மாசம் ஆனப்போ திருமுல்லைவாயில் பக்கம் ஒரு பழைய ஃபிளாட் அமைஞ்சது. கட்டி 10 வருஷம். முதல் மாடி, 850 சதுர அடி. விலை 52 லட்சம். இந்தத் தடவை வக்கீல் சரின்னு சொன்ன பிறகுதான் டோக்கன், அதுவும் எழுத்துல. வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டு நானே மாடியை எண்ணினேன். கடன் 40 லட்சம், தவணை ஏறக்குறைய 34,700. என் ஒரு சம்பளத்துல 38 சதவீதம். பதிவுச் செலவு எல்லாம் போக கையில 3 லட்சம் மிச்சம். மனைவி இப்ப வேலைக்குப் போறா. அவ சம்பளத்துல ஒரு பகுதி அசலைக் குறைக்கப் போகுது, மீதி பாப்பா பேர்ல.

கிழக்குப் பார்த்த வீடு இல்ல, வடக்கு. அலமாரியெல்லாம் பழசு. சமையலறை டைல்ஸ் எனக்குப் பிடிக்கல, அடுத்த வருஷம் மாத்தலாம்னு இருக்கோம். பால் காய்ச்சின அன்னைக்கு அம்மா பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு எல்லா ரூமையும் சுத்திக் காட்டினாங்க. அவ எதையும் பார்க்கல, பாட்டி சங்கிலியைப் பிடிச்சு இழுத்துட்டே இருந்தா.

அடுத்த செவ்வாய் மூணு பேரும் சிறுவாபுரி போய் நன்றி சொல்லிட்டு வந்தோம். கூட்டம் குறைஞ்ச நேரமா பார்த்துப் போனோம்.

சுருக்கமா, சேமிச்சு வச்சுக்க:

1. பிரசவத் தேதியை வீட்டுக்குக் கெடுவா வைக்காதீங்க.
2. தவணை ஒரு சம்பளத்துல 40 சதவீதத்துக்குள்ள.
3. பிரசவப் பணமும் ஆறு மாசச் செலவும் தனி. பதிவுச் செலவு கைக்காசுன்னு நினைவு வைங்க.
4. முதல்ல வக்கீல், அப்புறம் டோக்கன். டோக்கன் எழுத்துல.
5. பதிவு வேற, குடிபோறது வேற. கர்ப்ப காலத்துல வீடு மாத்தற சுமை வேண்டாம்.
6. தள்ளிப் போனா கோவப்படாம ஒரு நாள் பொறுத்துப் பாருங்க.

சிறுவாபுரி போங்க, தாராளமா வீடு கேளுங்க. எப்ப தரணும்னு மட்டும் நாம தேதி குறிச்சுக் கொடுக்க வேண்டாம். அவன் பார்த்துப்பான். பத்திரத்தை நாம பார்த்துக்கணும்.

வீடு தேடற நண்பர்கள், குழந்தையை எதிர்பார்த்துட்டு இருக்கிற தம்பதிகள் யாராவது தெரிஞ்சா அனுப்புங்க.

ஓம் சரவணபவ.